கார்லென் ஆஜர்

கார்லென் ஒரு வியாழக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போது செத்துப்போனான். எனக்குச் சேதி திங்கட்கிழமைதான் வந்தது. அவன் வீடு எங்கள் அணையிலிருந்து நாலு கிலோமீட்டர். மதகு மேடையில் ஏறி நின்றால் அதன் நீலத் தகரக் கூரை தெரியும். ஆனால் கூரை இருப்பது ஆர்மீனியாவில், நான் நிற்பது துருக்கியில். நடுவில் ஓடும் அர்பாச்சாய் ஆறுதான் எல்லை. அந்த எல்லையைப் பூட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலு கிலோமீட்டர் தூரத்துச் சாவுச் சேதி நாலு நாளில் வந்து சேர்ந்ததே எங்கள் இரண்டு அரசாங்கங்களின் லட்சணத்துக்கு அதிவேகம்.

அன்று காலை பத்து மணிக்குக் கூட்டம். கூட்டம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அணையின் மேல்தளத்தில் நட்டநடுவே ஒரு மஞ்சள் கோடு. கோட்டின்மேல் ஒரு மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் துருக்கியின் பாசனப் பொறியாளன் நான், அந்தப் பக்கம் ஆர்மீனியாவின் பாசனப் பொறியாளன் கார்லென். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை உட்கார்ந்து நீர்மட்டத்தைச் சேர்ந்து அளப்போம். அடுத்த பத்து நாளுக்கு ஷட்டரை எத்தனை சென்டிமீட்டர் தூக்குவது என்று முடிவு செய்வோம். தண்ணீர் ஆளுக்குப் பாதி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஷட்டர் அசையும்.

இது சோவியத் காலத்து ஒப்பந்தம். ஒப்பந்தம் போட்ட நாடே காணாமல் போய்விட்டது, ஒப்பந்தம் மட்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறது. அதற்கப்புறம் ரயில் நின்றது, சாலை அடைபட்டது, தூதரகம் என்று ஒன்று வரவேயில்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று எங்கள் மேசையை மட்டும் விட்டுவைத்தார்கள். இருபத்திரண்டு வருடமாக நானும் கார்லெனும் அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நரைத்துப்போயிருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை அவனுடைய வெள்ளை நிவா கார் எதிர்க்கரையில் வந்து நின்றது. இறங்கி வந்தது ஹஸ்மிக் மட்டும். ஹஸ்மிக் அவனுடைய உதவிப் பொறியாளர், கல்லூரியில் துருக்கி மொழி படித்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். ஃபைலை மேசையில் வைத்தாள், உட்காரவில்லை.

"எங்கம்மா உங்க பெரியவரு? ராத்திரி கொஞ்சம் அதிகமாயிடுச்சா?" என்று கேட்டேன்.

"கார்லென் அண்ணன் இல்லைங்க சார். வியாழக்கிழமை போயிட்டாரு. ஷேவ் பண்ணிட்டிருந்தவரு அப்படியே கண்ணாடி முன்னாடி விழுந்துட்டாரு. பாதி முகம்தான் முடிச்சிருந்தாரு. மீதியைச் சிரானுஷ் அக்காதான்..."

சிரானுஷ், கார்லெனின் மனைவி. நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. அவர் கையால் செய்த வால்நட் மிட்டாயை மட்டும் இருபத்திரண்டு வருடமாகத் தின்றிருக்கிறேன்.

இப்போது நான் கேட்டதைச் சொல்கிறேன். "அப்போ இன்னைக்கு யாரும்மா கையெழுத்துப் போடறது?" என்று கேட்டேன். அவ்வளவு நாள் பழகியவன் செத்துவிட்டான் என்று கேட்டதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை அது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை மாற்ற இரண்டு தலைநகரங்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசாத தலைநகரங்கள் எப்படிச் சம்மதிக்கும்? கடிதம் ஜார்ஜியா வழியாகச் சுற்றிப் போகும். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்று என் பெயர் பட்டியலில் ஏற பதினாலு மாதம் ஆயிற்று. அதுவரை கடைசியாகக் கையெழுத்தான அளவிலேயே ஷட்டர் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த வருடம் கோடையில் நல்ல மழை பெய்ததால் பிழைத்தோம்.

இப்போது ஜூலை. ஷட்டர் நாற்பது சென்டிமீட்டரில் நின்றது. தொண்ணூறு வேண்டும். கீழே எங்கள் இக்தீர் சமவெளியில் மக்காச்சோளமும் குதிரைமசாலும், அவர்கள் பக்கம் தக்காளியும் திராட்சையும். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டிருந்தது. பத்து நாள் தண்ணீர் குறைந்தால் இரண்டு பக்கமும் பயிர் கருகும். கருகினால் இரண்டு பக்கத்து விவசாயியும் எதிர்ப்பக்கத்தான் தண்ணீரைத் திருடிவிட்டான் என்றுதான் சொல்வான்.

"முன்னாடி ஒரு தடவை அவரு கால் ஒடிஞ்சு கிடந்தப்போ கையெழுத்தை நீதானே போட்டே?" என்றேன்.

ஹஸ்மிக் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அவரு உயிரோட இருந்தாரு சார்."

"தெரியும்மா."

"செத்தவங்க கையெழுத்தைப் போடச் சொல்றீங்களா?"

"உயிரோட இருக்கிறவங்க கையெழுத்து வர்றதுக்குப் பதினாலு மாசம் ஆகும். நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

அவள் ஒருமுறை கீழே தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். நான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்: துருக்கித் தரப்பு, நுஸ்ரத், ஆஜர். ஆர்மீனியத் தரப்பு, கார்லென், ஆஜர். அவள் கையெழுத்துப் போட்டாள், அச்சாக அவன் கையெழுத்து.

எனக்குப் பின்னால், பேச்சு காதில் விழாத தூரத்தில் எங்கள் காவல் சார்ஜென்ட் பக்தியார் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக் அடிப்பது அவர் வேலை, அதற்காகக் கிட்டே வந்தார்.

"கார்லென் சார் எங்கண்ணே? காணோமே."

"வண்டியிலதான்பா உட்காந்திருக்காரு. ஜலதோஷம். எனக்கு ஒட்டிக்கும்னு இறங்கலை."

பக்தியார் கண்ணைச் சுருக்கி எதிர்க்கரையைப் பார்த்தார். இருநூறு மீட்டர் தள்ளி நிவா நின்றது. கார்லெனின் தொப்பி முன்சீட்டின் தலைச்சாய்வில் மாட்டியபடியே இருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் மாட்டிவைப்பான். தூரத்திலிருந்து பார்க்க யாரோ சாய்ந்து தூங்குவது போலத் தெரிந்தது.

"இந்த வெயில்லயா ஜலதோஷம்?"

"வெயில்ல பிடிக்கிற ஜலதோஷம் லேசுல விடாதுப்பா."

அவர் டிக் அடித்தார். அன்று மதியம் ஷட்டர் தொண்ணூறுக்கு ஏறியது.

ஒருமுறை என்றுதான் நினைத்தோம். ஹஸ்மிக்கின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவர்கள் பக்கத்திலிருந்து கடிதம் போட்டார்கள். கூடுதல் ஆள் தேவை என்றுதான் எழுதினார்கள், கார்லென் செத்தான் என்று எழுதவில்லை. கடிதம் கிணற்றில் போட்ட கல்லானது. பத்து நாள் கழித்து அடுத்த கூட்டம் வந்தது. கார்லென் ஆஜர். அதற்கடுத்த பத்து நாளிலும் ஆஜர். ஒவ்வொரு தடவையும் நிவாவில் தொப்பி தூங்கியது, பக்தியார் டிக் அடித்தார். உயிரோடு இருந்தபோதுகூட அவன் இத்தனை ஒழுங்காக வந்ததில்லை.

இதில் இன்னொரு கழுத்தறுப்பு. வெறும் கையெழுத்து போதாது. கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு தரப்பும் ஆட்சேபணை என்று ஏதாவது எழுத வேண்டும். ஆட்சேபணை இல்லாத குறிப்பு மேலே போனால் எங்கள் தலைநகரம் அங்காராவில் சந்தேகப்படுவார்கள். அவர்கள் கணக்கில் அண்டை நாட்டுக்காரன் சண்டை போடாமல் இருந்தால் அவன் ஏதோ சதி செய்கிறான் என்று அர்த்தம். கார்லென் இதில் கில்லாடி. எங்கள் பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் இரண்டாம் நம்பர் கேஜ் சரியாகக் காட்டவில்லை என்று இருபத்திரண்டு வருடமாக விதவிதமாக ஆட்சேபித்திருக்கிறான். ஹஸ்மிக்குக் கையெழுத்து வந்ததே தவிர அந்த வம்பு பிடித்த நடை வரவில்லை.

"நீங்களே எழுதிடுங்க சார். அவரு எப்படிப் பேசுவாருன்னு உங்களுக்குத்தான் நல்லா தெரியும்," என்றாள்.

அப்படித்தான் நான் கார்லெனுக்காக எனக்கு எதிராக ஆட்சேபணை எழுத ஆரம்பித்தேன். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். அவன் எப்படித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பான், எந்த இடத்தில் எண்களை அடுக்குவான், எந்த இடத்தில் ஒரு குத்து விடுவான் என்று நினைத்துப் பார்த்து எழுதுவேன். பிறகு துருக்கித் தரப்பு என்ற முறையில் விறைப்பாகப் பதிலும் எழுதுவேன். ஆகஸ்டில் எழுதிய ஆட்சேபணை எனக்கே பதில் சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் பதில் மழுப்பலாகத்தான் வந்தது.

என் மனைவி நெஸாகெத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவள் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னொன்றுதான் பொறுக்கவில்லை.

"துக்கம் விசாரிக்கப் போகலையா நீங்க?"

"எங்க போறது? ஜார்ஜியா சுத்திப் போகணும். ஏழு மணி நேரம்."

"ஏழு மணி நேரம்தானே? எங்க சித்தப்பா செத்ததுக்கு இஸ்தான்புல் வரைக்கும் போனீங்க."

"பாஸ்போர்ட்ல முத்திரை குத்துவான். அணைப் பொறியாளனுக்கு ஆர்மீனியாவுல என்ன வேலைன்னு கேப்பான். கார்லென் சாவுக்குப் போறேன்னு சொல்லவா? அவன்தான் போன வாரம் கூட்டத்துக்கு வந்திருக்கானே, கவர்மெண்ட் ரெக்கார்டுல."

"அப்போ அந்தம்மா என்ன நினைப்பாங்க? இத்தனை வருஷம் பழகின மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கலைன்னு நினைக்க மாட்டாங்களா?"

நான் மதகு மேடைக்குப் போகும்போதெல்லாம் அந்த நீலக் கூரையைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். நான் சொல்லாமல் இருந்தேன். செப்டம்பர் முடியும்வரை வயலுக்குத் தண்ணீர் வேண்டும். அதுவரை கார்லென் சாகக் கூடாது.

நாற்பதாம் நாள் வந்தது. நாற்பதாம் நாள் அவர்களுக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. நெஸாகெத் விடியற்காலையில் எழுந்து மாவை வெண்ணெயில் வறுத்து ஹல்வா கிளறினாள். செத்தவருக்காகச் செய்கிற ஹல்வா அது, வாசனையிலேயே தெரியும். அண்டை வீடுகளுக்குப் பத்துத் தட்டு கொடுத்தாள். யாருக்காக என்று கேட்டவர்களிடம் தூரத்துச் சொந்தம் என்றாள். ஒரு டப்பாவில் போட்டு என்னிடமும் கொடுத்து அணைக்கு அனுப்பினாள். அன்று கூட்டம் இல்லை, கேஜ் பார்க்கும் நாள். எதிர்க்கரையில் யாரும் இல்லை. பக்தியார்தான் இருந்தார். டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

"வீட்டுக்காரியோட மாமா ஒருத்தர்," என்றேன்.

"நெருக்கமோ?"

"ஆமாப்பா. ரொம்ப."

பக்தியார் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "மனசைத் தேத்திக்குங்கண்ணே. நல்ல மனுஷனா இருந்திருப்பாரு, உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்றார். இல்லாத ஒரு மாமாவின் பெயரில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

செப்டம்பர் மத்தியில் அங்காராவிலிருந்து போன் வந்தது. பேசியது முவல்லா மேடம். வெளியுறவு அமைச்சகத்தில் ஆர்மீனிய விவகாரத்தைப் பதினோரு வருடமாகப் பார்ப்பவர். கூட்டக் குறிப்புகள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். இரண்டு மூன்று முறை போனில் பேசியிருக்கிறோம்.

"நுஸ்ரத் சார், நல்ல சேதி. பேச்சுவார்த்தை மறுபடியும் சூடு பிடிச்சிருக்கு. எல்லை திறக்கலாம்னு பேச்சு அடிபடுது."

"சந்தோஷம் மேடம்," என்றேன். என் வேலைக்காலத்தில் இதோடு நாலு தடவை எல்லை திறக்கப் போவதாகச் சேதி வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் எல்லைக் கிராமத்தில் யாராவது ஒரு ஓட்டல் கட்டிப் பூட்டுவார்கள்.

"அடுத்த வாரம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் குழு உங்க அணைக்கு வருது. டிவிக்காரங்களும் வர்றாங்க. கதவு மூடியிருந்த காலத்துலயும் இருபத்திரண்டு வருஷம் கை குலுக்கின ரெண்டு இன்ஜினியர்கள், இதான் படம். நீங்களும் கார்லென் சாரும் கோட்டுல நின்னு கை குலுக்கணும். அவரு குடும்பத்தையும் கூப்பிடச் சொல்லியாச்சு."

போனை வைத்தேன். ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அறுபது வயதில் எங்கே ஓடுவது? இத்தனை மாதம் ஓட்டிய பொய் இப்போது கை குலுக்க வா என்று கூப்பிடுகிறது.

குழு வந்த அன்று காலை ஒன்பது மணிக்கு முவல்லா மேடத்தை அணையின் நடுவுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். ஒல்லியான பெண்மணி, கண்ணுக்குக் கீழே கருவளையம், குதிகால் உயர்ந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு செருப்பில் நடந்தார். பாதி தூரத்தில் நின்று சொன்னேன்.

"மேடம், கார்லென் வர மாட்டான். அவன் செத்துட்டான்."

அவர் நின்றார். "எப்போ?"

"ஜூலையில."

"ஆகஸ்ட் குறிப்பு என்கிட்ட இருக்கே. கேஜ் பத்தி ஆட்சேபணை எழுதியிருக்காரே."

"நான் எழுதினது."

முவல்லா மேடம் என்னை உற்றுப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் அணைச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார்.

"அதை நான் பேச்சுவார்த்தையில படிச்சுக் காட்டினேன் நுஸ்ரத் சார். அந்தப் பக்கத்துக்காரங்க எவ்வளவு நியாயமா, ஆதாரத்தோட பேசறாங்க பாருங்க, இவங்களோட ஒப்பந்தம் போடலாம்னு சொன்னேன். எங்க பெரியவரு தலையாட்டினாரு."

எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சொன்னேன், "எல்லாத்துக்கும் நானே பொறுப்பு மேடம். ஹஸ்மிக் பாவம், நான் சொன்னதைத்தான் பண்ணுச்சு."

"பொறுப்பெல்லாம் இருக்கட்டும். இது வெளியே வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஏழு கையெழுத்து செல்லாது. ஏழு தடவை தண்ணி திறந்தது ஒப்பந்த மீறல். யாரு மீறினதுன்னு ரெண்டு நாட்டு டிவியிலயும் ஒரு மாசம் கத்துவாங்க. பேச்சுவார்த்தை அன்னைக்கே படுத்துடும். இந்த மேசையையும் தூக்கிடுவாங்க. அடுத்த கோடையில யாரு ஷட்டரைத் தூக்குவாங்க?"

அவர் மஞ்சள் கோட்டுக்குப் போய் எதிர்த்தரப்பு அதிகாரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்த அதிகாரி வயதானவர், கையில் சிகரெட். ஹஸ்மிக் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள் போல, அவர் ஆச்சரியப்படவில்லை. ஐந்து நிமிடம்தான். நின்றிருந்த ஒரு காரின் பானெட்மேல் பட்டியலை விரித்தார்கள். கார்லென் பெயரை அடித்தார்கள், ஹஸ்மிக் பெயரை எழுதினார்கள், இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள். பதினாலு மாத வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்போது எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

நீக்கியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. முவல்லா மேடம் பேனாவை என்னிடம் நீட்டினார். "ஓய்வுன்னு எழுதுங்க. இன்னைய தேதி. இறப்புன்னு எழுதினா எப்போன்னு கேப்பாங்க."

எழுதினேன். கார்லென் ஓய்வு பெற்றான்.

பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. சிரானுஷ் இறங்கினார். அவரைக் கூப்பிடாதீர்கள் என்று நான் ஹஸ்மிக்கிடம் கெஞ்சியிருந்தேன். ஆனால் அவரேதான் வருவேன் என்றாராம். "இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷன் போய்ட்டு வந்த இடத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என்னை விட்டதில்லை. இப்பவாவது பார்க்கறேன்," என்று சொன்னாராம். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தார். குள்ளமான பெண், கறுப்பு உடை. கோட்டின் அருகே வந்து நின்று முதலில் மேசையைப் பார்த்தார். பிறகு அவன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு கேமரா. எங்கள் பக்கம் ஒரு இளைஞன் மைக்கோடு நின்றான். அவர்கள் பக்கம் தாடி வைத்த கேமராமேன் ஒருவர் மட்டும். எங்கள் இளைஞன் உற்சாகமாகச் சொன்னான்:

"சார், கார்லென் சார் ரிட்டயர் ஆயிட்டாராமே! அவருக்குப் பதிலா அவங்க வீட்டம்மா வந்திருக்காங்க. நீங்க அவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுங்க, கை குலுக்குங்க. சிரிச்ச முகமா, இயல்பா."

நான் கோட்டை ஒட்டி நின்றேன். சிரானுஷ் கையை நீட்டினார். அவர் முகத்தில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. இவன் என்ன சொல்லப் போகிறான் என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது நாளாக என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த முகத்தைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது. ஆர்மீனிய மொழியில் எனக்குத் தெரிந்தது பத்து இருபது வார்த்தை. அதில் ஒன்று கார்லெனின் அப்பா செத்தபோது அவனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு அவனிடமே சொன்னது. கேமராவை மறந்தேன், தண்ணீரை மறந்தேன். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஆண்டவன் அவன் ஆன்மாவுக்கு வெளிச்சம் கொடுக்கட்டும் அம்மா. நான் வரலை. என்னை மன்னிச்சிடுங்க."

சிரானுஷ் அழுதார். சத்தம் இல்லாமல், என் கைமேல் நெற்றியை வைத்து அழுதார். "சொன்னீங்களே, அது போதும்," என்றார். அந்த அளவு ஆர்மீனியம் எனக்குப் புரிந்தது.

தாடிக்காரர் கேமராவைத் தாழ்த்தியிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "பேட்டரி போயிடுச்சு," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குனிந்து பையைத் துழாவினார்.

எங்கள் இளைஞனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார் சொன்னீங்க? எதுக்கு அழறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் முவல்லா மேடம் முன்னால் வந்தார். "நலம் விசாரிச்சாரு. இத்தனை வருஷம் கழிச்சுப் பார்க்கறாங்க இல்லையா, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்றார். பிறகு அதே குரலில், "ஆனா முகம் சரியா விழலை தம்பி. அழற மாதிரி போட வேண்டாம். இதை அழிச்சிட்டு இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."

என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "சொல்லிட்டீங்க. அவங்களும் கேட்டுட்டாங்க. இப்போ எனக்காக ஒரு தடவை சிரிங்க நுஸ்ரத் சார். தயவுசெஞ்சு." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதற்காக அவரை மன்னிக்கத் தோன்றியது. முழுதாக முடியவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹஸ்மிக் தன் கழுத்திலிருந்த மஞ்சள் துப்பட்டாவைக் கழற்றிச் சிரானுஷின் கறுப்பு உடைமேல் போட்டுவிட்டாள். சிரானுஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, நீ தயாரா என்பது போலத் தலையை அசைத்தார். கீழே சமவெளியில் அவர் தம்பிக்கும் தக்காளித் தோட்டம் இருந்ததாம், ஹஸ்மிக் பிறகு சொன்னாள்.

இரண்டாவது தடவை எடுத்தார்கள். கை குலுக்கினோம். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"கார்லென் சார் எப்படியிருக்காரு அம்மா?" என்று இளைஞன் கேட்டான். ஹஸ்மிக் மொழிபெயர்த்தாள்.

"வீட்லதான் இருக்காரு. எல்லாருக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாரு," என்றார் சிரானுஷ். அவர் விரல்கள் மட்டும் என் உள்ளங்கையில் இறுகின.

அன்று சாயங்காலச் செய்தியில் இருபது விநாடி காட்டினார்கள். அணை, கொடிகள், மேசை, பிறகு நாங்கள் இருவரும். புதிய அத்தியாயம் என்று வாசிப்பவர் சொன்னார். நெஸாகெத் டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்தாள்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் இப்படிப் பல்லைக் காட்டிட்டு நிக்கறீங்க?"

"அது ரெண்டாவது தடவை எடுத்தது."

அவள் திரும்பத் திரையைப் பார்த்தாள். "அந்தம்மாவும் சிரிக்கறாங்களே."

"அவங்களுக்கும் ரெண்டாவது தடவைதான்."

போன் அடித்தது. பக்தியார். சந்தோஷமாக இருந்தார், டிவியில் அவர் தோளும் ஒரு ஓரத்தில் தெரிந்ததாம். "உங்க கூட்டாளி கொடுத்து வெச்சவருண்ணே. வேலையை முடிச்சுட்டு ஹாயா வீட்ல உட்காந்துட்டாரு பாருங்க. நமக்கு எப்போ விடிவு?"

"வரும்பா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நெஸாகெத் எழுந்து டிவியை அணைத்தாள். கார்லென் செத்து எழுபது நாள் கழித்து, என் வீட்டுச் சோபாவில், முதல் தடவையாக நான் அவனுக்காக அழுதேன்.